மதகடிப் பூவரசு

திருவாரூர் என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருவன இரண்டு: ஒன்று ஆழித்தேர்; மற்றொன்று கமலாலயக் குளம். இசையில் நாட்டம் உடையவராயின், சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த ஊர் என்று மூன்றாவதாகவும் ஒரு பெருமையைச் சேர்த்துக்கொள்வர். இவையனைத்தும் பலரால் பலமுறை எழுதப்பெற்றவை. நாம் இங்கே எழுதப் புகுவது தேரைப் பற்றியும் அன்று, குளத்தைப் பற்றியும் அன்று. திருவாரூர் வட்டாரத்தில் வாய்க்கால்தோறும் மதகுதோறும் நிற்கும் மரமாகிய பூவரசைப் பற்றியே எழுதுகின்றோம். அதனை யாரும் விரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருப்பதற்கும் இயலாது.

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு நாள், முன்னர் நாம் பணியாற்றிய சிற்றூர் ஒன்றிற்குச் சென்றுவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே ஒருவரைக் காண வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட பயணம் அது. ஏன் தள்ளிப்போட்டோம் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

வழிநடை

திருவாரூரில் ஓடம்போக்கி ஆற்றைக் கடந்து, திருத்துறைப்பூண்டிச் சாலையில் பேருந்து விரைந்தது. இரு மருங்கிலும் சம்பாப் பயிர் நட்டுப் பசுமை கட்டியிருந்தது. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படும் என்பதே இப்பகுதி மக்களின் ஆண்டுக் கணக்கு. அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது முதல் இன்றுவரை, அந்நாளில் தண்ணீர் வருமா வராதா என்ற கவலையோடுதான் இங்கு வைகாசி முடிகிறது. தண்ணீர் வந்தபின் அது ஆறாகவும் வாய்க்காலாகவும் கண்ணியாகவும் பிரிந்து வயலுக்குள் நுழையும். அவ்வாறு பிரியும் இடங்களில் எல்லாம் ஒரு மதகு உண்டு. மதகின் அருகில் ஒரு பூவரசு உண்டு.

மாவூரில் இறங்கி வாய்க்காற்கரை வழியே நடந்தோம். ஐப்பசி வெயில் மழைக்கு முந்திய வெயில், உறைக்கும். ஆனால் கரை நெடுகிலும் நிழல் இருந்த காலம் ஒன்றை நாம் அறிவோம். ஆகஸ்டுத் திங்களின் கடைசி நாள்களில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் பலர் தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் வழியாகவே செல்வர். அவர்கள் கால் ஆறியது பெரும்பாலும் பூவரசு, புளி, புங்கு ஆகிய மரங்களின் அடியில்தான். சாலைகள் அகலமாயின, நிழல் குறுகியது. அகலமான சாலை வேண்டா என்று நாம் கூறவில்லை. அதன் விலையை நடந்து செல்பவனே கொடுக்கிறான் என்பதைக் குறித்து வைக்கின்றோம்.

பெயரும் பிறப்பும்

அரச மரத்தின் இலையைப் போன்றே இதன் இலையும் நெஞ்சு வடிவினது. அரச இலையின் நுனியில் நீண்ட வால் இருக்கும். இதற்கு அவ்வளவு நீண்ட வால் இல்லை. அரசமரத்தின் பூ கண்ணுக்குத் தெரியாது. அது காய்க்குள்ளேயே மறைந்திருக்கும். இம்மரமோ பளிச்செனப் பூக்கும். ஆகவே பூக்கும் அரசு, பூவரசு. ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு வந்து இம்மரத்தைக் கண்டபோது, தமிழ்ப் பெயர் அவர்கள் நாவில் திரிந்து ‘போர்ஷியா’ ஆயிற்று என்பர்.

குருமடத்தில் நாம் இலத்தீன் பயின்ற நாள்களில், மரங்களின் அறிவியற்பெயர்களைப் பிரித்துப் பொருள் காண்பது நமக்கு ஒரு விளையாட்டு. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இம்மரத்திற்கு இட்ட பெயரில் ‘பாப்புல்னேயா’ என்னும் சொல் இருந்தது. ஐரோப்பாவில் வளரும் பாப்லர் மரத்தின் இலையைப் போன்றது என்பது அதன் பொருள். நமக்கு அரசிலை போன்றது. அவர்களுக்குப் பாப்லர் இலை போன்றது. அவரவர் ஊர் மரத்தைக் கொண்டுதானே அயலூர் மரத்தை அறிய முடியும்! பின்னர் 1807ஆம் ஆண்டில் ‘தெஸ்பீசியா’ என்னும் முற்பெயர் இதற்கு வழங்கலாயிற்று. தெய்விகமானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. பசிபிக் பெருங்கடலிலுள்ள தாகிதித் தீவில் மக்கள் தம் வழிபாட்டிடங்களைச் சுற்றி இம்மரத்தை நட்டுப் போற்றினர். அவாய்த் தீவினர் இதன் கட்டையைக் குடைந்து உணவுக் கலங்கள் செய்தனர்.

எங்கோ உள்ள தாகிதிக்கும் நம் திருவாரூருக்கும் ஒரே மரம் எப்படி வந்தது? கடல்தான் கொண்டு சேர்த்தது. இதன் காய் நீரில் மிதக்கும். உப்பு நீரில் நெடுநாள் மிதந்தாலும் உள்ளிருக்கும் விதை சாவதில்லை. கரையில் ஒதுங்கிய இடத்தில் முளைக்கும். உவர் மண்ணைக் கண்டு அஞ்சாத மரம் ஆதலால், கடல் நீர் ஏறும் முத்துப்பேட்டைப் பக்கத்து நிலங்களிலும் இது வளரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. கொச்சியில் ஆளுநராயிருந்த ஒல்லாந்தர் வான் ரீடு என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை ஆக்குவித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் அது அச்சாயிற்று. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் மூலிகைச் செய்திகளைக் கூறினார். கார்மேல் சபைத் துறவியாகிய சூசையப்பரின் மத்தேயு என்பவரும் தொடக்கத்தில் துணைபுரிந்தார். அந்நூலில் பூவரசு ‘பூப்பருத்தி’ என்னும் மலையாளப் பெயரோடு இடம் பெற்றுள்ளது. பருத்தி, வெண்டை, செம்பருத்தி, பூவரசு யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இன்றைய தாவரவியல் கூறுகிறது. பூவைப் பார்த்தே அவ்வுறவைக் கண்டுகொண்டு மலையாள மக்கள் பெயரிட்டுவிட்டனர் போலும்.

அப்பூவின் வாழ்நாள் ஒரு பகல். காலையில் இளமஞ்சளாக மலரும்; அடியில் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும். மாலையில் செந்நிறமாகி வாடி உதிரும். வாய்க்கால் நீரில் மஞ்சளும் சிவப்புமாக அவை மிதந்து செல்வதை இவ்வூர்ப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பர்.

ஒரு மரம், பல வேலை

நாம் அவ்வூரில் பணியேற்றது 2002ஆம் ஆண்டில். அங்கே நமக்குச் சமைத்துப் போட்ட பாட்டி ஒருவர் இருந்தார். பூவரசின் பயன்களை நமக்குக் கற்பித்தவர் அவரே. எழுத்தறியாதவர், ஆனால் எதனை எங்கே தேடவேண்டும் என்பதை அறிந்தவர்.

அரிசி மாவில் வெல்லமும் தேங்காய்ப்பூவும் ஏலமும் கலந்து பிசைந்து, கழுவித் துடைத்த பூவரச இலையின் மேல் தட்டி, இலையை இரண்டாக மடித்து ஆவியில் வேகவைப்பார். வெந்தபின் இலையை உரித்தால், கொழுக்கட்டையின் மேல் இலையின் நரம்பெல்லாம் அச்சுப் பதித்தாற்போல் தெரியும். இலையின் மணம் மாவில் இறங்கியிருக்கும். நெல்லை, குமரி மாவட்டங்களிலும் இப்பலகாரம் பெயர் பெற்றது. வாழையிலை கிடைக்காத நாளில் இட்டலித் தட்டில் துணிக்குப் பதிலாகவும் பூவரச இலையையே அவர் பரப்புவார்.

சிறுவர்களுக்கு இம்மரம் வேறொன்று தந்தது. முற்றாத இலையொன்றைப் பறித்து, காம்பைக் கிள்ளி எறிந்து, பக்கவாட்டில் இறுகச் சுருட்டி, ஒரு முனையைப் பல்லால் மெல்லக் கடித்துத் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ தயார். மும்மூர்த்திகள் பிறந்த மண்ணில், பாரி நாயனம் ஒலிக்கும் கோயில் உள்ள மண்ணில், ஏழைச் சிறுவனின் முதல் வாத்தியம் இதுவே. மறைக்கல்வி வகுப்பின் நடுவே சன்னலுக்கு வெளியிலிருந்து இவ்வாத்தியம் முழங்கி நம் பொறுமையைச் சோதித்த நாள்கள் பல.

தச்சுத் தொழில் செய்யும் ஆசாரியார் ஒருவர் அவ்வூரில் இருந்தார். பூவரசின் வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும், இழைப்புளிக்கு இணங்கும், மெருகேறும், எளிதில் உளுக்காது என்பார். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், ஏர், கட்டில், பெஞ்சு எல்லாம் இதிலே செய்ததைக் காட்டினார். நம் மேசை ஒன்றும் அவர் செய்ததே. இன்றும் அசையாமல் நிற்கிறது. “தேக்கு பணக்காரன் வீட்டுக்குங்க சாமி, பூவரசு நம்ம வீட்டுக்கு” என்பது அவர் வாக்கு. போத்து நட்டு வளர்ந்த மரம் கோணலாகப் போகும். விதையில் முளைத்த மரம்தான் நேராக ஓங்கும், பலகைக்கு அதுவே ஏற்றது என்றும் அவர் கூறினார்.

இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி, வயலுக்குத் தழையுரம். பட்டையின் நாரை முறுக்கிக் கயிறாக்குவர். வேரோ வாய்க்காற்கரையின் மண்ணைப் பற்றிக் காக்கும். ஈழத்து யாழ்ப்பாணத்தில் பூவரசங் கதியால்களை வரிசையாக நட்டு உயிர்வேலி அமைப்பர். அவ்வேலியே ஆட்டுக்குத் தீவனமும் தோட்டத்திற்கு உரமும் தரும். ஒரு கிளையை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேலியாகிவிடும் மரத்திற்குப் பணம் எதற்கு? நாற்றுப்பண்ணை எதற்கு?

பாட்டியின் புட்டி

மருத்துவத்திற்கு வருவோம். பூவரசம் பிஞ்சைக் காம்பிலிருந்து ஒடித்தால் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான பால் கசியும். பூச்சிக்கடிக்கும், சொறிக்கும், படர்தாமரைக்கும் அதனைத் தடவுவது இங்கு வழிவழி வந்த வழக்கம். மூட்டு வீங்கினால் இலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, பொறுக்கும் சூட்டில் கட்டுவர். பட்டையைக் கொதிக்க வைத்த நீரால் புண்ணைக் கழுவுவர். முதிர்ந்த மரத்தின் பட்டையை இடித்துத் தேங்காயெண்ணெயில் இட்டு, சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடிகட்டினால் பூவரசம்பட்டை எண்ணெய். பாட்டி ஆண்டுக்கொரு முறை அதனைக் காய்ச்சிப் புட்டிகளில் நிரப்பி, நம் அறையின் மாடத்தில் வைத்துவிடுவார். மதகடியில் நின்ற பெரிய பூவரசின் பட்டையே அதற்கு வேண்டும். “வயசான மரத்துப் பட்டைக்குத்தான் சாமி குணம்” என்பார். சித்த மருத்துவரும் நூறாண்டு கண்ட பூவரசைத் தனியாகப் போற்றுவர்.

பாட்டியின் எண்ணெயால் நன்மை கண்டோர் உண்டு. சேற்றில் நின்று நடவு நடும் பெண்களுக்குக் கால் விரலிடுக்கில் வரும் அரிப்புக்கு அது ஆறுதல் தந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். ஆய்வுக்கூடங்களில் பூவரசின் சாறு சில கிருமிகளை அடக்குவதையும், எலிகளின் புண்ணை விரைந்து ஆற்றுவதையும் அறிவியலார் கண்டுள்ளனர். எலிக்கு ஆனதெல்லாம் மனிதனுக்கும் ஆகும் என்று அவர்கள் கூறவில்லை. பாட்டியின் எண்ணெய்க்கு ஊரில் மதிப்பு இருந்தது. நாமும் அப்புட்டிகளை எடுத்து, கேட்டவர்க்கெல்லாம் மகிழ்ச்சியோடு கொடுத்துவந்தோம்.

நாம் செய்த பிழை

வாசக அன்பர்களே, இப்பயணத்தை நாம் ஏன் தள்ளிப்போட்டோம் என்பதை இனிக் கூறுவோம்.

2003ஆம் ஆண்டில், அறுவடை முடிந்த ஒரு மாலையில், விவசாயக் கூலியாகிய ஒருவர் நம்மிடம் வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதிற்கு மேல் இருக்கும். வலது முழங்கைக்குக் கீழே உள்ளங்கையகலத்தில் ஒரு தேமல் போன்ற திட்டைக் காட்டினார். சுற்றிலும் உள்ள தோலைவிட வெளுத்திருந்தது. “அரிக்கிறதா?” என்று கேட்டோம். “இல்லீங்க சாமி.” “வலிக்கிறதா?” “ஒண்ணுமே தெரியலீங்க.” அரிப்பும் இல்லை, வலியும் இல்லை என்று அவர் கூறியதை நாம் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டோம். மாடத்திலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்து, காலையும் மாலையும் தடவும்படி சொல்லி அனுப்பினோம். தீர்ந்தபோது மீண்டும் வந்து வாங்கிச் சென்றார். எட்டுத் திங்கள் அவ்வாறு சென்றது.

பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒருவர், வரிசையில் பேரனைத் தூக்கிக்கொண்டு நின்ற அவருடைய கையைப் பார்த்தார். வலக்கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. செவிலியர் சிறிது பஞ்சைத் திரித்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேல் தொட்டார். தொட்டது அவருக்குத் தெரியவில்லை. அரசு மருத்துவமனையில் தொழுநோய் என்று உறுதி செய்தனர்.

உணர்ச்சியற்ற திட்டு என்பதே அந்நோயின் முதல் அறிகுறி. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சென் 1873ஆம் ஆண்டில் கண்டுபிடித்த கிருமி, தோலையும் நரம்பையும் பற்றி, முதலில் உணர்வைத் தின்னும். பின்னர் விரலை மடக்கும். 1981ஆம் ஆண்டு முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து அந்நோயை முற்றிலும் குணமாக்குகிறது. நோயின் நிலைக்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உட்கொண்டால் போதும். மருந்து நம் நாட்டில் இலவசம். அவர் நம்மிடம் வந்த அன்று அம்மருந்து அரசு மருத்துவமனையில் ஒரு காசு செலவின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தது. நாம் கொடுத்ததோ பட்டை எண்ணெய்.

பழைய மருத்துவ நூல்கள் குட்டத்திற்கும் பூவரசைக் கூறுவதுண்டு. அன்று வேறு வழி இல்லை. கைக்கெட்டிய மரத்தைப் பற்றிக்கொண்டனர். இன்று வழி இருக்கிறது. வழி இருக்கும்போது பழையதைக் கொடுத்துக் காலம் தாழ்த்துவது அன்பாகாது. நாம் அன்போடுதான் கொடுத்தோம், விசாரியாமல் கொடுத்தோம்.

பன்னிரண்டு திங்கள் மருந்துண்டு அவர் நோய் நீங்கினார். விரல்கள் நிமிரவில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. 2007ஆம் ஆண்டில் நாம் வேறு பங்கிற்கு மாற்றம் பெற்றோம். பாட்டி பின்னர் மறைந்தார். அவ்வூர்ப் பக்கம் போகவேண்டிய காரியங்கள் வந்தபோதெல்லாம் வேறு ஒருவரை அனுப்பிவைத்தோம்.

புயலுக்குப் பின்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன், கஜா புயல் வேதாரணியத்திற்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே கரை கடந்தது. திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் தென்னைகள் தோப்புத் தோப்பாக வீழ்ந்தன. நம் சிற்றூரின் மதகடிப் பூவரசும் அன்றே சாய்ந்தது என்று கேள்வியுற்றோம். அதன் பின்னர் இந்த ஐப்பசியில், அவரே பேரன் வாயிலாகச் சொல்லி அனுப்பினார்: “மதகு மரம் மறுபடி வந்திருச்சு, சாமியை வந்து பாக்கச் சொல்லு.” இதற்கு மேல் தள்ளிப்போட நமக்கு மனம் வரவில்லை.

மதகடியில் அவர் நமக்காக நின்றுகொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. புயலில் முறிந்த அடிமரத்திலிருந்து மூன்று கிளைகள் நிமிர்ந்து, நம் தொடையளவு பருத்திருந்தன. காலைப் பூக்கள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. அங்கிருந்து கீழ்மடை வரை கரையோரம் வரிசையாக இளமரங்கள். எல்லாம் அந்த மதகு மரத்தின் கிளையை வெட்டி அவர் நட்ட போத்துகள். ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் ஆறேழு போத்து நடுவாராம். ஆடு கடிக்காமல் முள் கட்டுவாராம். நாற்பதுக்கு மேல் நட்டதில் முப்பத்தொன்று பிழைத்திருப்பதாகக் கணக்குச் சொன்னார். மடங்கிய விரல்களால் அரிவாளை இறுகப் பிடிக்க முடியாது. கடப்பாரையை இரு கையாலும் அணைத்துப் பிடித்துக் குழி போடுவதாகக் கூறினார்.

நாம் தயங்கித் தயங்கி அந்தப் பழைய பேச்சை எடுத்தோம். “அன்று நான் உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும் ஐயா” என்றோம்.

அவர் சற்று நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “ஆமாங்க சாமி” என்றார்.

‘பரவாயில்லை’ என்று அவர் கூறியிருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் அவ்வாறு கூறவில்லை. உண்மையைக் கூறினார். அதன்பின் நம் கையைப் பிடித்துக் கரையிறக்கத்தில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு மரத்தையும் எந்த ஆண்டு நட்டது என்று காட்டிக்கொண்டே வந்தார். இப்போது ஊரில் யார் தேமல் என்று வந்தாலும், பஞ்சைத் திரித்துத் தொட்டுப் பார்ப்பாராம். தெரியவில்லை என்றால் தாமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வாராம். அவ்வாறு மூவரை அழைத்துச் சென்றதில், ஒருவருக்கு நோய் இருந்து, விரல் மடங்குமுன் குணமாயிற்று என்றும் கூறினார்.

வீட்டார்க்குச் சில சொற்கள்

ஆகவே, பூவரசை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறுவோமா? கூறமாட்டோம். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறிந்து கொள்ளுங்கள் என்கிறோம்.

பூச்சிக்கடி, சிறு அரிப்பு ஆகியவற்றிற்குப் பிஞ்சின் பாலைத் தடவலாம். முதலில் கையில் ஒரு சிறு இடத்தில் தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லையெனில் தொடருங்கள். கண்ணருகிலும் திறந்த புண்ணிலும் வேண்டா. படர்தாமரை ஒரு வாரத்தில் தணியாவிடில் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் கூட்டுக் களிம்பையும் நம்பிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் கலந்துள்ள ஸ்டீராய்டு மருந்து அரிப்பை அடக்கி, நோயை உள்ளே வளரவிடும்.

பூவரசின் பட்டையையோ விதையையோ காயையோ தாமாகக் கசாயம் செய்து குடிக்க வேண்டா. பருத்தி விதையில் உள்ள காசிப்பால் என்னும் பொருள் இம்மரத்திலும் உண்டு. அது ஆணின் கருவளத்தைக் குறைக்கும் என்று கண்ட சீன மருத்துவர்கள், 1970களில் அதனைக் கருத்தடை மருந்தாக ஆய்ந்தனர். உடலின் பொட்டாசியம் குறைதல், சிலருக்குக் கருவளம் திரும்பாமலே போதல் ஆகிய தீங்குகளால் அம்முயற்சி கைவிடப்பட்டது. முறையாகப் பயின்ற சித்த மருத்துவர் கொடுத்தாலன்றி வாயில் இடாதீர்.

வெளுத்த அல்லது சிவந்த திட்டு, அரிப்பும் வலியும் தொடுவுணர்வும் இன்றி இருக்குமானால், எந்த எண்ணெயும் தடவ வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 2005ஆம் ஆண்டு இறுதியில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற அளவிலிருந்து தொழுநோய் நீங்கியதாக நம் நாடு அறிவித்தது. நோயாளர் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர்.

மற்றபடி, இடமுள்ளோர் ஒரு பூவரசு நடுங்கள். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன், 2018ஆம் ஆண்டு டிசம்பரில் தாம் மறையும்வரை, 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டார். நெல்லுக்கு அத்துணை உழைப்பு வேண்டியிருந்தது. பூவரசுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. மழை தொடங்கும்போது கைப்பருமனுள்ள கிளையொன்றை வெட்டி, முழங்கை ஆழம் ஊன்றி, ஆடு மாடு கடிக்காமல் காத்தால் போதும். வாய்க்கால்களுக்குச் சிமெண்டுக் கரை கட்டும்போதும், சீமைக்கருவேலத்தை அகற்றும்போதும், ஒதுக்குப்புறமாகப் பூவரசுக்கு இடம் விடும்படி ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். பிள்ளைகளுக்குப் பீப்பீ செய்யக் கற்றுக்கொடுங்கள். இலையைத் தெரிந்த பிள்ளை மரத்தை வெட்ட விடமாட்டான்.

திரும்பும்போது அவர் இரண்டு போத்துகளை வெட்டி, நுனியில் சாணம் அப்பி, சாக்கில் சுற்றி நம்மிடம் கொடுத்தார். பேருந்தில் அவற்றை எங்கே வைப்பது என்று நடத்துநரோடு சிறிது வழக்காட வேண்டியிருந்தது. பங்கு இல்லத்தின் பின்புறம் கிணற்றடியில் இரண்டையும் நட்டோம். ஒன்று காய்ந்துவிட்டது. மற்றொன்றில் மார்கழியில் நான்கு இலைகள் விட்டிருக்கின்றன. அதன் அருகே முள் கட்டியிருக்கிறோம்.